சுண்ணாம்பு விழுந்த போத்தல்

மச்சாள்,

இன்று காலையில் பேத்தியின் வெள்ளைச் சட்டையில் நாவற்பழக் கறை. சவர்க்காரம் போட்டுக் கசக்கினேன். சிவந்து கிடந்த கறை நீலமாகி, பச்சை தட்டி நின்றது. எனக்கு வந்த சிரிப்பில் கிணற்றுக் கட்டிலேயே இருந்துவிட்டேன். அம்மம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பிள்ளை அழத் தொடங்கியது. நீ கண்ணை மூடி மூன்று மாரி கழிந்துவிட்டது. இந்த நிறத்தைக் கண்டு சிரிக்க இனி நான் ஒருத்திதான்.

தென்னந்தோட்டத்துத் துரையின் பங்களாவில் நீ சமைப்பாய்; நான் அரைப்பேன், கழுவுவேன், வாய் காட்டுவேன். அஞ்சாம் வகுப்புப் படித்தவள் என்ற தலைக்கனம் எனக்கு அப்போதே உண்டு. இப்போதும் குறையவில்லை. அந்தப் போத்தல் திறந்ததற்கு முந்தின கிழமை நான் கண்ணாடிக் கோப்பை இரண்டை உடைத்திருந்தேன். இன்னொரு பிழை விட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று துரை சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தார். என் கையால்தான் உலை ஏறியது.

துரையின் மாமனாருக்கு ஆபிரிக்காவின் தென்கோடியில், கடலோரமாக, வைன் வடிக்கிற முந்திரிகைக் கொடித் தோட்டம் இருந்தது. அங்கே கடல் பனிபோலக் குளிராம். கொடியில் குலைகள் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் பழுக்குமாம். அதனால் அந்தச் சிவப்பு வைனில் ஒரு புளிப்பு விடாமல் நிற்குமாம். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமனாரின் சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். ஒரு மிடறு குடித்தே எந்த மண்ணில் விளைந்ததென்று சொல்லிவிடுகிற மனிதராம்.

துரை அங்கிருந்து வந்த வைன் போத்தலைத் திறந்து, ஒரு கிளாசில் கொஞ்சம் ஊற்றி மணந்து, அரைவாசி குடித்து, கிளாசைக் குசினி மேசையிலேயே வைத்தார். போத்தலை மூட வேண்டாம், காற்றுப் படட்டும் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நீ கோழிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வெயிலில் பழச்சாற்றைத் திறந்து வைத்தால் புளித்துப் போகாதா? பாளைச் சாறு புளித்துக் கள்ளாகாமல் இருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவதை நான் பிறந்த நாள் முதல் பார்த்தவள். என் வெற்றிலை வட்டாவிலிருந்து இரண்டு விரல் நிறைய வழித்துப் போட்டு, போத்தலை நன்றாகக் குலுக்கினேன்.

நாவற்பழமாய் இருந்தது வாவிப் பாசியாய் மாறிற்று.

நீ கத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாய். "என்னகா செய்தாய்?" என்றாய். நான் சொன்னதும் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாய். பிறகு, "மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்ச ஆலாத்தித் தண்ணியில தேசிக்காய்ப் புளி விழுந்தா என்ன நடக்கும்? சுண்ணாம்பு செத்துப் போகும். நாலு தேசிக்காய் புடுங்கிற்று வா" என்றாய்.

பிழிந்தோம். பச்சை நீலமாயிற்று, நீலம் ஊதாவாயிற்று, மூன்றாவது காயில் சிவப்பு எட்டிப் பார்த்தது. வெள்ளைத் துணியில் வடித்தோம். நிறம் வந்தது, சுவை? துரை மிச்சம் விட்ட கிளாசுதான் நமக்கு அளவு. அதில் ஒரு துளி, போத்தலில் ஒரு துளி. நான் நாக்கில் பட்டதுமே சரியென்றேன். "வாயில வைச்சுப் பத்து எண்ணு, மறுகா கதை" என்றாய். எண்ணினேன். ஆறில் நாவற்பழத்துத் துவர்ப்பு வந்தது. எட்டில் மழை நனைத்த இரும்பு. பத்தில், நம்பமாட்டார்கள், முகத்துவாரத்தில் விடியற்காலை வாயைத் திறந்தால் படுகிற குளிர்ந்த உப்புக் காற்று. நம்முடைய போத்தலில் அந்தக் காற்று வரவில்லை. இன்னும் அரைத் தேசிக்காய் பிழிந்தாய். வந்தது, அல்லது வந்ததென்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

போத்தல் மேசைக்குப் போனது. நான் கதவுக்குப் பின்னால் நின்று காப்பாற்றென்று கந்தசாமியாரைக் கும்பிட்டேன். துரையின் குரல் கேட்டது: "போத்தல் தொட்டது யார்?"

நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். நீ கையைச் சேலையில் துடைத்தாய். என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. உள்ளே போய், "நான்தான் துரை" என்றாய்.

துரை தன் தமிழில் விளக்கினார். வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாராம்: இந்த மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, கொடிக்குப் பக்கத்தில் எங்கோ புளிப்புப் பழமரமும் நிற்கிறது, இவ்வளவு உயிருள்ள வைன் தான் குடித்ததில்லை என்று. காற்றுப் படவிட்ட கை யாருடையதென்று கேட்கத்தான் கூப்பிட்டார்களாம். இனிமேல் போத்தல் எல்லாம் உன் பொறுப்பு என்றார். ஒரு தகரம் பிஸ்கட்டும் தந்தார்.

உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. சுண்ணாம்பு என்னுடையது, புகழ் உனக்கா? பிஸ்கட்டில் பாதிக்கு மேல் தின்றும் ஆறவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு போத்தலுக்கும் அதே சுவை வேண்டுமென்று துரை கேட்க, நீ கதவைச் சாத்திக்கொண்டு என் வட்டாவைத் தேடுவாய். "சுண்ணாம்புக்காரி, வாகா" என்பாய். அப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவேன்.

அந்தக் கதவைத் தாண்டும்போது புகழ் கிடைக்குமென்று உனக்குத் தெரியாது, மச்சாள். வேலை போகும் என்று நினைத்துக்கொண்டுதான் போனாய். இது எனக்கு விளங்க இவ்வளவு காலம் பிடித்தது.

சட்டைக்குத் தேசிக்காய் பிழிந்தேன். கறை சிவந்து, பிறகு வெளுத்தது. மத்தியானம் மருமகள் மீன் குழம்பு வைத்தாள். குறை சொல்ல வாயெடுத்தேன். பத்து எண்ணினேன். ஏழிலேயே நல்லாயிருந்தது.