நான்காம் அதிகாரத்தில் கோடு இல்லை

மார்ச் 4
கப்பல் சமையற்கட்டு

அன்பு டீச்சரம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீயும் சுகமாக, உன் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியிடம் சண்டை போடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். காய்கறி ஏற்றுவதற்காக இந்தத் துறைமுகத்தில் நிற்கிறோம். அந்த இடைவெளியில் எழுதுகிறேன்.

ஒரு விசேஷம். என் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் உன் பழைய வேதாகமத்தை ஒளித்து வைத்தாயே, அதை இப்போது தினமும் படிக்கிறேன். சிரிக்காதே. மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிந்ததும், தேநீருக்கு அடுப்பு மூட்டும்வரை இங்கே வேலை இருக்காது. வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து புரட்டுவேன். எஞ்சின் அறை எண்ணெய்க்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "என்ன, புதுக் குழம்புக்கு அதுல குறிப்பு போட்டிருக்கா?" என்று கிண்டல் செய்தார். இப்போது அவரும் இன்னும் நாலைந்து பேரும் வந்து உட்கார்ந்து, உரக்கப் படிக்கச் சொல்கிறார்கள். படித்தபின் எனக்குத் தோன்றியதைச் சொல்வேன்.

போன வாரம், கடலில் மீன் விழுங்கிய யோனா தீர்க்கதரிசியின் கதையைத் தொடங்கினோம். நடுக்கடலில் இந்தக் கதை வேண்டாம் என்று எண்ணெய்க்காரர் எழுந்து போய்விட்டார். மறுநாள் அவரே வந்து, மீன் அந்த மனிதரைக் கக்கிவிட்டதா இல்லையா என்று விசாரித்தார்.

போதகருக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அவர் பிரசங்கத்தில் இத்தனை வருஷம் குறட்டை விட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாமா?

உன் சமையல்காரன்


மார்ச் 21

அன்புள்ள உங்களுக்கு,

சுகம். முதலாளியிடம் நான் சண்டை போடுவதில்லை, அவர்தான் போடுகிறார். பெரியவர் ஒருவருக்கு இடது கண் வில்லையை வலது பக்கம் மாட்டிவிட்டு, பழியை என் தலையில் கட்டப் பார்த்தார். நான் விடவில்லை.

போதகருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை அவர் ஞாயிற்றுக்கிழமை மேடையில் வாசித்தார். முழுவதும் வாசித்தார். ஒருவரும் இருமக்கூட இல்லை. ஆராதனை முடிந்ததும் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். பாடகர் குழு அக்கா என் கையைப் பிடித்து, "உங்க வீட்டுக்காரருக்குள்ள இவ்வளவு இருக்குன்னு தெரியாமப் போச்சே" என்றார். கூடவே இருந்த எனக்கும் தெரியாமல்தான் போயிற்று. சிரித்துச் சிரித்துக் கன்னம் வலி எடுத்துவிட்டது.

எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லை என்று நான் சொல்லவில்லையே.

ஆனால் கடிதத்தில் திமிங்கிலம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேதத்தில் பெரிய மீன் என்றுதான் இருக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். ஆர்வம் மட்டும் போதாது, நிதானமாகப் படிக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சொல்லுமுன் சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். ஞாயிறு வகுப்பு எடுக்கிறவள் வீட்டிலேயே இருக்கிறேன்.

அன்புடன்,
டீச்சரம்மா


ஏப்ரல் 9

அன்பு டீச்சரம்மாவுக்கு,

திமிங்கிலத்தை எண்ணெய்க்காரரிடம் திருத்திச் சொல்லிவிட்டேன். "கடிக்கிறப்ப பேர் கேட்டுட்டா இருப்போம்" என்கிறார்.

நீ சொன்னபடியே ஒரு சந்தேகம் கேட்கிறேன். யோனா நான்காம் அதிகாரம். யோனா போய் எச்சரித்த நகரம் முழுக்க மனந்திரும்பிவிட்டது, ஆண்டவரும் மன்னித்துவிட்டார். பிரசங்கம் செய்தவர் துள்ளிக் குதிக்க வேண்டாமா? அவரோ கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறார். செத்தால் தேவலை என்கிறார். ஆண்டவர் அவரைத் திட்டவில்லை. நிழலுக்கு ஒரு செடி முளைக்க வைக்கிறார், பிறகு பூச்சியை விட்டு அதைப் பட்டுப்போக வைக்கிறார். நீ இப்படி எரிச்சல்படுவது நியாயமா என்று கேட்கிறார். கடைசியிலும் ஒரு கேள்விதான்: ஒரு செடிக்காக நீ வருந்துகிறாய், இத்தனை பேர் இருக்கிற நகரத்துக்காக நான் இரங்கக் கூடாதா? அதோடு முடிந்துவிட்டது.

"அப்புறம்?" என்று எல்லோரும் கேட்டார்கள். பக்கத்தைத் திருப்பினால் வேறு தீர்க்கதரிசியின் புத்தகம் தொடங்குகிறது. நடுவில் தாள் கிழிந்திருக்கிறதா என்று எண்ணெய்க்காரர் தடவியே பார்த்துவிட்டார்.

யோனா என்ன பதில் சொன்னார்? சொன்ன வேலை நன்றாக முடிந்த ஆளுக்கு ஏன் இத்தனை கோபம்? உன் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பாய்? அதை எழுது, நான் இவர்களுக்குச் சொல்கிறேன்.

உன் சமையல்காரன்


ஏப்ரல் 27

உங்களுக்கு,

பதில் இதுதான். நான்காம் அதிகாரத்தை நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வகுப்புக்குக் கொடுத்திருக்கும் பட அட்டைகளில் கப்பல் இருக்கிறது, மீன் இருக்கிறது, சாம்பலில் உட்கார்ந்த ராஜா இருக்கிறார். அதோடு அட்டை தீர்ந்துவிடும். எல்லோரும் மனந்திரும்பினார்கள், ஆமென் என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். மிச்சம் எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள். கேட்டது நீங்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கல்யாணமான நாள் முதல் உங்களுக்காக ஜெபம் செய்தேன். இந்த மனிதர் ஒரு நாளாவது வேதத்தைத் திறக்க மாட்டாரா என்று அழுதேன். பிரசங்கத்தில் நீங்கள் சாய்ந்தபோதெல்லாம் தொடையில் கிள்ளி எழுப்பினேன். கேட்டது கிடைத்துவிட்டது. முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்த கதையாக, இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்றே யாருக்கும் தெரியவில்லை. எனக்கு வசனம் எல்லாம் மனப்பாடம். நான் சொல்லி ஒருவரும் அழுததில்லை. உங்கள் கடிதத்தைக் கேட்டுப் போதகரின் மனைவி அழுதார். என்னிடம் கொடுக்காததை, வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிற உங்களிடம் ஆண்டவர் ஏன் கொடுத்தார்? எனக்கு வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், இனி மறைத்து என்ன.

இன்னொன்று. நீங்கள் வீட்டுக்கு வந்ததும் வரும் முதல் ஞாயிறு, மேடையில் நீங்கள்தான் பேச வேண்டும் என்று போதகர் சொல்லியனுப்பினார். போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. அந்த மேடையைத் துடைப்பது நான், பூ வைப்பது நான். ஒரு தடவை நீ ஏறிப் பேசு என்று யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நீங்கள் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஒத்துக்கொண்டால் அன்றைக்கு நான் ஆலயத்துக்கு வரமாட்டேன். கீழே உட்கார்ந்து அதைப் பார்க்க என்னால் முடியாது.

நான்


மே 15

என் டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கழுவுதொட்டிப் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். அன்றைக்குச் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். கப்பலே தண்ணீர் குடித்தது.

எனக்குக் கோபம் இல்லை. என்னால் முடியாது என்று போதகருக்கு எழுதப்போகிறேன். வழக்கம்போல உன் பக்கத்திலேயே உட்காருகிறேன். எனக்கு மேடை வேண்டாம், நீ ஆலயத்துக்கு வந்தால் போதும்.

ஆனால் ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். இவ்வளவு பெரிய புத்தகத்தில் எங்கே தொடங்குவது என்று எனக்கு என்ன தெரியும்? புரட்டியபோது உன் பென்சில் கோடுகள் தெரிந்தன. கோடு இருந்த இடத்தை மட்டும்தான் படித்தேன். சில கோடுகளைத் தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டிருக்கிறாய். சங்கீதப் புத்தகத்தில் ஒரு பாட்டின் ஓரத்தில், நான் முதன்முதல் கப்பலேறிய தேதி இருக்கிறது. அந்தப் பக்கம் நனைந்து காய்ந்து மொறமொறவென்று கிடக்கிறது. இவள் இங்கே ஏன் கோடு போட்டாள் என்று யோசிப்பேன். தோன்றுவதை இவர்களிடம் சொல்வேன். போதகருக்கு எழுதியதும் அதுதான். எதுவும் என் சொந்தச் சரக்கு இல்லை.

யோனாவில் மூன்றாம் அதிகாரம்வரை கோடு இருந்தது. நான்காவதில் ஒன்றுகூட இல்லை. நீ எனக்கு முன்னால் போகாத இடம். தனியாகப் போகத் தைரியம் வரவில்லை. அதனால்தான் உன்னைக் கேட்டேன். உன்னைச் சோதிக்கக் கேட்கவில்லை.

உன் சமையல்காரன்


ஜூன் 2

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கடைக்கே வந்துவிட்டது. ஒருவர் கண்ணாடிக்குக் காத்திருக்க, வில்லையைக் கையில் வைத்துக்கொண்டே படித்தேன். அழுதேன். கண்ணீரைத் துடைத்ததும், இதையும் இவர் என்னைவிட அழகாக எழுதிவிட்டாரே என்று மறுபடியும் பொறாமை வந்தது. என்னை என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

போன ஞாயிறு அட்டை இல்லாமல் நான்காம் அதிகாரத்தைச் சொல்லிக்கொடுத்தேன். செடியும் பூச்சியும் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆண்டவரின் கேள்வியோடு நிறுத்தியதும், முன்னால் இருந்த ஒரு சின்னப் பெண், "யோனா என்ன பதில் சொன்னார் டீச்சர்?" என்று கேட்டாள். இதற்கு முன் நான் வகுப்பில் ஒரு நாளும் சொல்லாததைச் சொன்னேன்.

"தெரியலம்மா. அந்தக் கேள்வியை ஆண்டவர் என்கிட்டயும் கேட்டிருக்கார். நான் இன்னும் பதில் சொல்லல."

வகுப்பு முடிந்ததும் நேரே போதகரிடம் போய், நீங்கள் பேசுவீர்கள் என்று சொல்லிவிட்டேன். உங்கள் மறுப்புக் கடிதம் வந்தால் கிழித்துப் போடச் சொன்னேன். என் எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நீங்கள் மேடை ஏறும்போது கொஞ்சம் எரியத்தான் செய்யும். எரிந்தாலும் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். திமிங்கிலம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அங்கேயே எழுந்து திருத்துவேன்.

வருவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். பென்சிலை எடுத்து, நான்காம் அதிகாரத்தில் உங்களுக்கு எங்கே தோன்றுகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். எந்த இடம் என்று எழுத வேண்டாம். நீங்கள் வந்து பெட்டியைத் திறந்ததும் நானே தேடிப் படித்துக்கொள்கிறேன். இந்த ஒரு அதிகாரத்தில் நீங்கள் முன்னால் போங்கள். நான் பின்னால் வருகிறேன்.

உங்கள் டீச்சரம்மா