விமானச் சீடியில் ஒரு ‘கண்ணு’

அண்ணா,

நேற்றுச் சந்தையில் ஒருத்தர் பலாப்பழத்தைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா. “ஏனுங்க, உள்ள ஆளு இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினேன். கொட்டச்சேடு போகிற ரோட்டில் முதல் வளைவு வரைக்கும் சிரிப்பு இருந்தது. அப்புறம் இல்லை. வண்டியை ஓரங்கட்டினேன். யார் எதைத் தட்டினாலும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வருகிறது.

நீங்கள் ரிட்டையர் ஆகி ஏற்காட்டுக்கு வந்தபோது சாமான்களை ஏற்றிவந்தது என் ஜீப்புதான். பெட்டி பெட்டியாகப் புத்தகம். “இத்தனை படிச்சும் ஏனுங்ணா சொந்தமா ஒரு வண்டி வாங்க முடியல?” என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. “அத்தனையும் ஒரே புத்தகம் டிரைவரே. ஏரோப்ளேனை எங்கெங்க எப்படிச் சோதிக்கணும்னு போட்டிருக்கும்” என்றீர்கள். பெங்களூரில் விமானத்தை மேலே அனுப்புமுன் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற இன்ஸ்பெக்டர் வேலை உங்களுக்கு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், எஸ்டேட் ஆட்களையும் காப்பி மூட்டையையும் ஏற்றுகிறவன். நமக்குள் எப்படி ஒட்டியதோ தெரியாது. சாயங்காலமானால் உங்கள் ஊட்டு முன்னால் ஜீப்பு தானாக நின்றுவிடும்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. அந்தப் புத்தகத்தையெல்லாம் ஒரு சீடிக்குள் அடக்கப் போகிறார்கள், எழுத்தோடு படமும் குரலும் வரும், வேலை பழகுகிற பையன்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்றீர்கள். தமிழ்க் குரல் உங்களுடையது. பெங்களூரிலிருந்து மைக்கோடு ஒரு பொண்ணு வந்தாள். அவள் வீட்டில் கன்னடம், தமிழ் பாதி புரியும்.

மைக்கைப் பார்த்ததும் உங்கள் குரல் பாடம் ஒப்பிக்கிற குரலாகிவிட்டது. “எதிர்ல ஒரு ஆள் வேணும்” என்று என்னை உட்கார வைத்தீர்கள். அதற்கப்புறம்தான் பேச்சு பேச்சாக வந்தது. “ரெக்கை ஓரத்தை விரலால தடவிப் பாரு கண்ணு.” “இந்தப் பலகையைக் காசால தட்டிப் பாரு கண்ணு. டிங்குன்னா நல்லது. பொத்துன்னா உள்ள ஒட்டு விட்டுப் போச்சு.” கண்ணு என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற வார்த்தை. நரைத்த மீசையோடு நான் உட்கார்ந்து தலையாட்டினேன். “பேரன் எடுக்கற வயசுல என்னைக் கண்ணுங்கறீங்க, எங்கூட்டுக்காரி கேட்டா நொம்ப சிரிப்பா” என்றேன். அதுவும் மைக்கில் விழுந்து, அந்தப் பொண்ணு மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்.

தொண்டைக் கரகரப்பு அப்போதே இருந்தது. சேலத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “உள்ள கட்டியாம். அறுத்து எடுக்கணும். குரல் போயிரும்” என்றீர்கள். மலைப்பாதை முழுக்க வண்டி குலுங்காமல் பார்த்து ஓட்டினேன்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அந்தப் பொண்ணு சீடியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். கண்ணால் பார்க்கிற சோதனைக்கு ஒரு கண் படம், தட்டுகிற, தடவுகிற சோதனைக்கு ஒரு கை படம் என்று ஏற்பாடு. பார்த்தால் எல்லா இடத்திலும் கண். தட்ட வேண்டிய இடத்திலும் கண், தடவ வேண்டிய இடத்திலும் கண்.

“ஏம்மா இங்க கண்ணைப் போட்டிருக்கே?” என்றீர்கள்.

“நீங்கதானே சார் ஒவ்வொரு வாட்டியும் கண்ணுன்னு சொன்னீங்க? எங்க பாஷையிலயும் கண்ணுன்னா கண்ணுதான்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அம்மணி, அது ஏரோப்ளேனுக்குச் சொன்னதில்ல, எனக்குச் சொன்னது” என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. “உள்ள ஒட்டு விட்டது பார்வைக்குத் தெரியாது. படத்தைப் பாத்துட்டு ஒருத்தன் தட்டாமப் போனா, அந்தப் பலகை மேல போய்ப் பிச்சுக்கும்” என்றீர்கள்.

படத்தை மாற்றிவிடுகிறேன் என்றாள் அவள். அது போதாது என்றீர்கள். கேட்கப் போகிறவர்களில் கன்னடப் பையனும் தெலுங்குப் பையனும் உண்டு. பாதித் தமிழ் தெரிந்தவன் காதில் கண்ணு என்று விழுந்தால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வான். சரி, குரலில் அந்த வார்த்தையை மட்டும் வெட்டிப் பார்த்தாள். நீங்கள் இழுத்துப் பேசுகிறவர் ஆயிற்றே, கூடவே ‘பாரு’வும் அறுந்து போனது. மறுபடி பேசித்தான் ஆகவேண்டும். டாக்டரோ தொண்டைக்கு வேலை கொடுக்காதே என்றிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. “ஏனுங்ணா, மிச்சமிருக்கற குரலை எங்கிட்டப் பேச வெச்சுக்கக் கூடாதுங்களா? எந்த ஊர்ப் பையனோ, அவனுக்கு எதுக்கு?”

தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னீர்கள். “அவன் தட்டாம உட்ட ப்ளேன்ல யார் யாரோ ஏறுவாங்க. நீகூட ஏறுவே.”

“நானெங்கீங்க ஏறப் போறேன். ஜீப்புல மூணாவது கியர் போட்டாலே எனக்குத் தலை சுத்துது.”

அதற்குத்தான் கடைசியாகச் சத்தம் போட்டுச் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது. அப்புறம் நான் தடுக்கவில்லை.

என் முகத்தைப் பார்த்தால் அந்த வார்த்தை வந்துவிடும் என்று என்னை வெளியே அனுப்பினீர்கள். ஜன்னலுக்குக் கீழே ஜீப்பில் சாய்ந்து நின்றேன். மேகம் இறங்கி ரோடு தெரியவில்லை. உள்ளே உங்கள் குரல் மட்டும். “தடவிப் பாரு.” “தட்டிப் பாரு.” நிறுத்தி, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி. கண்ணு இல்லாத அந்தப் பேச்சு யாரோ அதிகாரி பேசுகிற மாதிரி இருந்தது. மறுநாளும் அப்படித்தான். வரிக்கு வரி குரல் தேய்வது எனக்கு வெளியே கேட்டது.

ஒரே ஒரு வரி பாக்கி இருந்தபோது காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. அந்தப் பொண்ணு வெளியே வந்து, “உங்களைக் கூப்பிடறாரு” என்றாள். போய் என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: “டார்ச் அடிச்சு, விரிசல் இருக்கான்னு நல்லாப் பாரு கண்ணு.”

சொன்ன பிறகுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தீர்கள். வரவில்லை. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இருக்கட்டும் சார். இது கண்ணால பாக்கற இடந்தான். கண் படந்தான் வருது.” நீங்கள் அவள் காட்டிய இடத்தை விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டுவீர்கள். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் உங்களுக்குப் பொறுமை போய்விடும். “மெதுவாத்தான் படிப்பேன், என்ன, ப்ளேன் கிளம்பிடுமாக்கும்” என்பேன். தோள் மட்டும் குலுங்கும், சத்தம் இருக்காது. அதுவும் ஒரு வருஷம்தான் கொடுத்து வைத்தது.

போன மாசம் அந்தப் பொண்ணு வந்திருந்தாள். பையன்கள் அந்தச் சீடியைப் போட்டுத்தான் பழகுகிறார்களாம். அந்த வரி வரும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்களாம். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஒவ்வொருத்தனும் நினைப்பான் போல. நினைத்துக்கொள்ளட்டும் அண்ணா, நான் போட்டிக்குப் போகவில்லை. அது யாரைப் பார்த்துச் சொன்னது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். இப்போது எனக்கு மட்டும் தெரியும்.