ஐந்து மணிக்கு எழுந்த ஜெனரல்

2007 ஜனவரி 14, ஞாயிறு

நாளை முதல் காலை ஐந்து மணிக்கு எழுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இரவுச் சாப்பாட்டில் வீட்டாருக்கு முறைப்படி அறிவித்தேன். "குழம்புச் சட்டியை இஞ்சாலை தள்ளுங்கோ" என்றாள் மனைவி விமலாதேவி. வரலாற்று முடிவுகளைப் பக்கத்திலிருந்து கேட்டவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொண்டிருப்பார்கள்.

காரணம், நூலகத்தில் எடுத்த ஜெனரல் ஹோலிஸ் பிரானிகனின் வாழ்க்கை வரலாறு. பால்பண்ணைக்காரர் மகன். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, வியட்நாமில் காலில் குண்டு வாங்கி, அமெரிக்கத் தரைப்படையில் நான்கு நட்சத்திரம் வரை ஏறியவர். அனைத்தையும் ஐந்து மணிக்கு எழுந்தே செய்திருக்கிறார். மகள் கம்சிகாவுக்குப் பள்ளியில் கடைசி வருடம்; மருத்துவம் கிடைக்க இப்படி ஒரு முன்மாதிரி அவசியம். தினமும் சாப்பாட்டு மேசையில் கொஞ்சம் வாசித்துக் காட்டப் போகிறேன்.

ஜனவரி 15

ஆறு ஐம்பது.

ஜனவரி 27

பாலைவனத்தில் படைக்குத் தண்ணீர் சேர்த்த அத்தியாயம். ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து இரண்டு மாடிக்குச் சூப் அனுப்பவே எனக்கு மூச்சு வாங்குகிறது. இந்த மனிதர் ஒரு நகரத்தையே மணலில் நடத்திப் போயிருக்கிறார்! அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

பணிக்காலம் முழுக்க வீடு மாறிக்கொண்டே இருந்தாராம். "உங்களாலை பக்கத்து ஊர் லோறென்ஸ்கூக்குக்கு ஒருக்கா மாற ஏலேல்லை" என்றாள் விமலாதேவி.

கம்சிகா கையில் சோறு காய, "பிறகு?" என்றாள். என்னிடம் அவள் 'பிறகு' கேட்டு எத்தனை வருடம்!

பெப்ரவரி 8

ஜெனரல் எங்கள் ஒஸ்லோவில்! ஓய்வுபெற்றவர், பல்கலைக்கழகத்தில் உரை. கம்சிகாவையும் கூட்டிப் போனேன். அவர் நின்ற நிமிர்வைப் பார்த்து நான் நாற்காலியில் இருந்தபடியே நிமிர்ந்தேன்.

"உங்களுக்குப் பயம் இருந்ததா?" என்று எழுந்து கேட்டாள் கம்சிகா. "ஒவ்வொரு நாளும். எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியக்கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

வாசலில் கைகொடுத்தபோது, என்ன செய்யப் போகிறாய் என்று அவளிடம் கேட்டார். "டொக்டர்" என்றேன். "நான் அவளைக் கேட்டேன்" என்றார். பெரியவர்கள் சொற்களை வீணாக்குவதில்லை.

மார்ச் 4

கம்சிகா ஐந்து மணிக்கு எழுகிறாள். பனியில் ஓடுகிறாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன் (ஏழு மணி, திரும்பி வரும்போது).

"அரிசிப் பையைக் காணேல்லை" என்று விமலாதேவி குசினியைக் கலக்கினாள். அது கம்சிகாவின் முதுகுப் பைக்குள் இருந்தது. பத்துக் கிலோ பாஸ்மதி. "பாரத்தோடை ஓடிப் பழகிறன் அப்பா." வைத்தியருக்கு உடலுறுதி தேவைதான். ஜெனரலின் செல்வாக்கை என்னவென்று சொல்வது!

ஏப்ரல் 15

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மருத்துவத்துக்குப் போட்டாயா என்று கேட்டேன்.

"இல்லை அப்பா. பெஃபால்ஸ்கூலேக்குப் போட்டனான்."

இராணுவ அதிகாரிகளை உருவாக்கும் பள்ளி.

விமலாதேவி அகப்பையோடு வந்தாள். "ஊரிலை ஆமிக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள்! இப்ப பிள்ளையைக் கொண்டுபோய் ஆமிக்குக் குடுக்கிறியளோ? நீங்களும் உங்கடை ஜெனரலும்!"

நான் என்ன செய்தனான்? வாசிச்சனான். வாசிக்கிறது குற்றமோ? வெள்ளன எழும்பு எண்டனான் — துவக்கைத் தூக்கு எண்டனானோ?

"கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிக்காமல் விட்டியள்" என்றாள் கம்சிகா. "நான் வாசிச்சனான். அதுக்குப் பிறகுதான் போட்டனான்."

ஜெனரல் தன் படையில் இறந்தவர்களின் பெற்றோரை வீடு வீடாகப் போய்ப் பார்த்த அத்தியாயம் அது. சாப்பாட்டு மேசைக்கு ஆகாது என்று தாண்டியிருந்தேன்.

ஏப்ரல் 16

வேலைக்குப் போனேன். சூப் அனுப்பினேன்.

ஜூன் 11

இராணுவப் பள்ளிக்கு ஆள் எடுக்கும் தேர்வு அவளுக்கு. நானே ஐந்து மணிக்கு எழுந்து, லில்லெஸ்ட்ரோம் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டேன். வழி முழுக்க அவள் முகத்தைப் பார்த்தேன். பயம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பத்தொன்பது வயது. என் மகள்தான், ஆனாலும் காரை விட்டு இறங்கி நின்றுதான் வழியனுப்பினேன்.

ஓகஸ்ட் 12, ஞாயிறு

கம்சிகா தெரிவாகி, நேற்று வடக்கே இராணுவப் பள்ளிக்குப் போய்விட்டாள். இன்று நாங்கள் இருவரும் ஏழரைக்கு எழுந்தோம். மத்தியானம் விமலாதேவி அந்த அரிசிப் பையைப் பிரித்து உலை வைத்தாள்.