அண்ணன் விட்டுப்போன பூனை

மார்ச் 4, செவ்வாய்
மழை. மதியம் கிளெமின் பூனையைக் கொண்டுவந்தேன். அண்ணன் இறந்து ஒன்பது நாள். இதுவரை அவன் தெருக்காரர்கள் தங்கள் வீட்டில் வைத்துத் தீனி போட்டிருக்கிறார்கள்; அங்கிருந்தே வாங்கி வந்தேன். பெயர் மேஜர், பெயருக்கேற்ற திமிர். என் ஃபெரெட்டுகள் ஜிப்பும் பட்டனும் கூண்டுக் கம்பி வழியே மூக்கை நீட்டின. முயலை விரட்டி வெளியேற்ற அதன் வளைக்குள் விடுவதற்காக வளர்த்தவை. கீரி மாதிரி நீண்ட உடம்பு. இப்போது இரண்டும் கிழடுகள், வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. மேஜர் ஒரு சீறல் சீறிவிட்டு அலமாரி மேல் ஏறிக்கொண்டது.

மார்ச் 5
இறங்கவில்லை. தின்னவில்லை.

மார்ச் 7
பக்கத்து வீட்டு பெரில் வந்தாள். நிலக்கரிச் சுரங்கம் இருந்தபோது இந்தத் தொழிலாளர் வீட்டு வரிசை முழுக்க ஃபெரெட்; அது மூடிய பிறகும் வைத்திருப்பது நாங்கள் இருவர்தான்.
"இது படுத்த துணிய அதுக்குப் போடு, அது படுத்தத இதுக்குப் போடு. மொதல்ல வாசனை பழகட்டும். மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம்."
சரிப்படாவிட்டால் பிராணிகள் காப்பகம்தான். பன்னிரண்டு வயதுப் பூனையை அங்கே யார் எடுப்பார்கள்? கிளெமிடம் ஆறு வருஷம் பேசாமல் இருந்தேன். அவன் பூனையையும் கைவிட்டேன் என்று ஆக வேண்டுமா?

மார்ச் 9
முட்டாள்தனம் செய்தேன். ஃபெரெட்டுகளைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். பெரில் வாசலிலேயே நின்றுவிட்டாள்.
"இருவது வருஷமா வளக்குற. குளிப்பாட்டினா நாத்தம் ரெண்டு மடங்காகும்னு தெரியாதா ஒனக்கு?"
தெரியும். ஆனால் கிளெம் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் தேநீர் குடிக்கும்போது, "இவன் பக்கத்துல எவன் உக்காருவான், அந்தப் பிராணிங்க வாடை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதற்காகத்தான் அந்த ஆறு வருஷம். எழுதிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 13
பிணவறையிலிருந்து எடுத்து இன்றுதான் கிளெமை அடக்கம் செய்தோம். பெட்டியை மூடுமுன் முகம் பார்க்கிறீர்களா என்றார்கள். வேண்டாம் என்றேன்.

மார்ச் 15
இத்தனை நாள் இரவில் மட்டும் இறங்கிக் கொஞ்சம் தின்ற பூனை பகலிலேயே இறங்கியது! கூண்டைத் திறந்துவிட்டேன். பட்டன் பின்னாலேயே போய் வாலை முகர்ந்தது. மேஜர் ஓர் அறை விட்டது, நகம் நீட்டாமல். அதற்கே பட்டனுக்குக் கொண்டாட்டம், பக்கவாட்டில் குதித்துக் குதித்து ஆடியது. ரத்தம் இல்லை.

மார்ச் 19
மூன்றும் ஒரே அறையில். காப்பகப் பேச்சு முடிந்தது. ஆனால் மேஜர் தெருக்கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறது. பாதித் தீனி அப்படியே கிடக்கிறது.

மார்ச் 24
காலையில் பட்டன் செத்துக் கிடந்தது. எட்டு வயது. மண்வெட்டியை எடுத்தேன். பெரில் தடுத்தாள்.
"மொதல்ல ஜிப்புக்குக் காட்டு. காட்டாம பொதச்சா வீடு பூரா தேடும். தேடியே செத்துரும்."
துண்டில் கிடத்தினோம். ஜிப் அதன் காதைக் கடித்து இழுத்தது. கழுத்தை முகர்ந்தது. இருபது நிமிஷம். பிறகு போய்த் தண்ணீர் குடித்தது.
பெரில் கதவருகே இருந்த பூனையைக் காட்டி, "இதுக்கு கிளெம யாரு காட்டுனா?" என்றாள்.
"யாரும் இல்ல. ஆம்புலன்ஸ்ல கொண்டுபோய்ட்டாங்க."
"ஒனக்கு?"
நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். அன்று கேட்டார்கள்; நான்தான் வேண்டாம் என்றேன்.

மார்ச் 28, வெள்ளி
கிளெம் இருந்த நகராட்சி வாடகை வீட்டின் சாவியை ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேஜரைக் கூடையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். ஆறு வருஷமாக மிதிக்காத வாசல். சாமான்களை நேற்றே வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.
கூடையைத் திறந்தேன். பூனை ஒவ்வோர் அறையாகப் போனது, நான் அதன் பின்னால். நாற்காலி கிடந்த இடத்தில் கம்பளத்தில் நான்கு பள்ளங்கள். நான்கையும் முகர்ந்தது. மாடிக்குப் போனது. கட்டில் இல்லை. ஒரே ஒரு முறை கத்தியது.
"அவன் செத்துட்டான்டா," என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.
மேஜர் படியிறங்கி, தானாகவே கூடைக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. நான்தான் நாலே முக்கால் வரை அங்கேயே நின்றிருந்தேன்.