தந்தப்பிடி என்று நீங்கள் சொன்ன கத்தி

என் கோபத்துக்கும் பிரியத்துக்கும் ஒருசேர உரிய அத்தானுக்கு,

போன இடத்தில் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். சௌக்கியம் கெட்டதெல்லாம் எங்களுக்குத்தான். உங்கள் மடக்குக்கத்தியின் பிடியில் விழுந்த கீறல்களைத் தேய்த்துத் தேய்த்து என் கட்டைவிரலில் ரேகையே மிஞ்சவில்லை. போன பிறகும் வேலை வாங்குகிற மனிதரை உங்களைத் தவிர நான் பார்த்ததில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் ஆண்டுத் திவசம். படையலில் புது வேட்டி, துண்டு, நீங்கள் விரும்பிச் சாப்பிட்ட உளுந்தங்களி, அதன் பக்கத்தில் உங்கள் கத்தி. கத்தி பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது உங்கள் தமக்கை, என் மதினி, போட்ட உத்தரவு. நீங்கள் போனபின் வீட்டுச் சாவிக்கொத்து அவர்கள் இடுப்புக்குப் போய்விட்டது. நானும் வாரக்கணக்கில் அந்தப் பிடியைத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்த கொஞ்ச நாளில் புதுக்கீறலோடு என் கடிகாரக் கடைக்கே திரும்பி வந்துவிடுகிறது.

அந்தக் கத்தி நம் வீட்டுக்குள் வந்த நாள் நினைவிருக்கிறதா? தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கிற கடையில் வாங்கி வந்து, தந்தப்பிடி என்று தெரு முழுக்கக் காட்டினீர்கள். கடிகாரம் பழுதுபார்க்கிறவன் நான். தந்தம் எது, சீமையிலிருந்து வருகிற செல்லுலாயிட் எது என்று எனக்குத் தெரியாதா? பஞ்சைத் திராவகத்தில் ஊறவைத்து, கற்பூரம் சேர்த்துப் பிசைந்து செய்கிற சரக்கு அது. உங்களுக்குக் காட்டுவதற்காகப் பிடியை என் வேட்டியில் நாலு தேய்ப்புத் தேய்த்து உங்கள் மூக்கருகே நீட்டினேன். கற்பூர வாசனை குப்பென்று வந்தது.

நீங்கள் அசரவில்லை. "ஏலே, கோயில் ஆனைக்குத் தினம் கற்பூரம் காட்டுதாவ. அந்த வாசம் தந்தத்திலே ஏறாம எங்கன போகும்?" என்றீர்கள். அடுப்படியில் இருந்த என் அக்கா சிரித்த சிரிப்பில் தாளித்த கடுகு கருகிப் போயிற்று. அன்றிலிருந்து எத்தனை வருஷம் அந்த வழக்கு! நான் செல்லுலாயிட் என்பேன், நீங்கள் தந்தம் என்பீர்கள். தீர்ப்புச் சொல்லாமல் அக்கா இலை போடுவாள்.

தந்தம் என்று நம்பினவராவது அதைத் தந்தம் மாதிரி வைத்துக்கொண்டீர்களா? எந்நேரமும் வேட்டி மடிப்பில், இடுப்பில் செருகியே திரிந்தீர்கள். உடன்குடிக் கருப்பட்டியை அந்தப் பிடியால்தானே தட்டிப் பார்ப்பீர்கள். நன்றாகக் காய்ந்ததா, உள்ளே ஈரமா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவீர்கள். இப்போது உங்கள் கருப்பட்டிக் கடையைப் பார்க்கிற பங்காளிக்கு அந்தக் காது இல்லை. தட்டாமல் கொள்ளாமல் ஓலைக் கொட்டான் கொட்டானாக இறக்குகிறார். ஐப்பசி மழையில் பாதிக் கருப்பட்டி ஓலையோடு கசிந்து ஒட்டிக்கொண்டது. எறும்புக்கு மட்டும் நல்ல வியாபாரம்.

கீறல் எடுப்பது என்ன லேசான வேலை என்று நினைத்தீர்களா? பழைய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து முதலில் பைய இழைக்க வேண்டும். அழுத்தினால் சூடேறிப் பிடி குழைந்துவிடும். பிறகு துணியில் சலித்த விபூதியை நல்லெண்ணெயில் குழைத்துத் தேய்க்க வேண்டும். ஆமாம், விபூதிதான். அதைவிட மெல்லிய பொடி இந்த ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை. சிவன் மன்னிப்பார், மதினி மன்னிக்க மாட்டார்கள். அதனால் கேட்டவர்களிடம் அடுப்புச் சாம்பல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கடைசியாக மான்தோலில் மெருகு ஏற்றினால் பிடி பாலேடு மாதிரி ஆகிவிடும். இவ்வளவும் செய்து கொடுத்தால், அடுத்த வாரமே ஆடு மேய்ந்த கொல்லை போல வந்து நிற்கும்.

என் சந்தேகம் மதினி மேல்தான். வெள்ளிக்கிழமை தோறும் புளியும் செங்கற்பொடியும் போட்டு வீட்டுப் பித்தளையை எல்லாம் ஒரு கை பார்க்கிறவர்கள் அவர்கள். விளக்கோடு கத்தியையும் சேர்த்து விளக்கியிருப்பார்கள் என்று நினைத்து, நேராகவே கேட்டுத் தொலைத்தேன். அவர்கள் முகம் கறுத்துப் போயிற்று. தம்பி கத்தியைத் தான் தொட்டது கூட இல்லை என்றார்கள். அதோடு விட்டார்களா?

"இன்னொரு கீறல் விழட்டும் வே. திவசம் முடிஞ்சதும் இரும்புப் பெட்டியிலே வச்சுப் பூட்டிருதேன். பொறவு ஒருத்தர் கையிலயும் குடுக்க மாட்டேன்."

அக்கா வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வருஷமாக அவள் பேசுவதே குறைவு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்று மத்தியானம், கடைசித் தடவையாக மெருகேற்றிக் கொடுத்த கத்தியை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனேன். மதினி கோயிலுக்குப் போயிருந்தார்கள். கிணற்றடியில் சரக் சரக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால், அக்கா துவைகல்லின் முன் குந்தியிருக்கிறாள். கையில் உங்கள் கத்தி. பிடியைக் கல்லில் வைத்து இழுத்து இழுத்துத் தேய்க்கிறாள். தேய்த்துவிட்டு மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். வாசனை அடங்கியதும் மறுபடி தேய்க்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் விரலைப் பார், என் வேலையைப் பார், மதினியிடம் நான் பட்ட பாட்டைப் பார் என்று கொட்டித் தீர்த்துவிட்டேன். கற்பூரம்தான் வேண்டுமென்றால் பூஜை மாடத்தில் டப்பி நிறைய இருக்கிறதே என்றும் கேட்டேன்.

அக்கா கத்தியை மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

"அது சாமி வாசம்லே தம்பி. இது அவுக இடுப்பு வாசம். வெயில்லே வண்டியிலே உடன்குடி போயிட்டு வந்தா வேட்டி மடிப்பெல்லாம் இந்த வாசம்தான் அடிக்கும். வேட்டியைத் துவைச்சுப் போட்டுட்டோம். இது ஒண்ணுதாம்லா இருக்கு."

முதலில் துணியில் தேய்த்துப் பார்த்தாளாம், வாசம் போதவில்லையாம், அதனால்தான் கல்லுக்கு வந்தாளாம். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். வாரக்கணக்கில் அந்தப் பிடியைத் தேய்த்து அந்த வாசனையிலேயே உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு நாளாவது உங்கள் நினைப்பு வந்ததா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்து மதினி வந்துவிட்டார்கள். அக்கா கையிலிருந்து கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்கள். முந்தின நாள்வரை பாலேடாக இருந்த பிடி. இது யார் செய்த வேலை என்று கேட்டபோதே அவர்கள் கை சாவிக்கொத்துக்குப் போய்விட்டது. அக்கா தலை நிமிரவில்லை.

என் வாயில் அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

"யாரும் செய்யல மதினி. தந்தத்துக்குக் குணமே அப்படித்தான். வறண்டா தானா வரி விடும். வாரத்துக்கு ஒருக்கா நான் எண்ணெய் போட்டுத் தேய்ச்சாச் சரியாப் போகும். பெட்டியிலே பூட்டுனா வெடிச்சிரும்."

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "தந்தம்னு ஒமக்கு இப்பதான் தெரியுதா? எந் தம்பி அன்னைக்கே சொன்னான்" என்று கத்தியை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

ஆக, வழக்கில் ஜெயித்துவிட்டீர்கள். உயிரோடு இருக்கும்போது முடியாததை, போன பிறகு என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டீர்கள். சந்தோஷம்தானே? பிடியின் கனம் மட்டும் பாதியாகிவிட்டது. அவள் ஒரு பக்கம் தேய்த்து, நான் ஒரு பக்கம் தேய்த்தால் அது எத்தனை காலம் தாங்கும்?

வெள்ளிக்கிழமை தீபாராதனைத் தட்டை அதன் பக்கம் அண்டவிடாமல் நான் காவல் இருப்பேன். கற்பூரம் கலந்த சரக்கு, பொறி பட்டால் பற்றிக்கொண்டுவிடும். அதற்கப்புறம் அக்கா கீறட்டும், நான் மெருகேற்றுகிறேன். பிடிக்குள் இருக்கிற இரும்புத் தகடு தெரிகிறவரை ஒரு வாரமும் தவற மாட்டேன். யார் கேட்டாலும் அது தந்தம், கோயில் யானையின் தந்தம் என்றே சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்களிடம் தோற்றுப்போன மைத்துனன்,
உங்கள் வீட்டுக்காரியின் தம்பி