நீங்கள் நிறுத்திய வரி

இன்று காலை காற்று ஓடைப் பக்கமிருந்து வீசியது. ஜன்னலைத் திறந்ததும் அரிசி ஆலைத் தவிட்டின் மணம் அறைக்குள் வந்தது. என்னையறியாமல் செய்ததை உணர்ந்தபோது அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் துண்டோடு கதவருகே நின்றிருந்தேன். நீங்கள் போய் எத்தனையோ மழைக்காலங்கள் கடந்துவிட்டன. என் கைகளுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

கல்யாணமாகி ரங்கூனுக்கு வரும்போது கப்பலிலேயே சொன்னீர்கள்: "காலைல நான் மில் கிளார்க்கு. பகல்ல காலேஜ் மாணவன். சாயங்காலம் யாருன்னு எனக்கே தெரியாது." ஆலைகள் நிறைந்த பசுந்தாங் பேட்டையில் குடியேறிய பிறகு எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் நீங்கள் பந்தின் பின்னால் ஓடுகிறவர். உங்களோடு படித்த கோ டின் வாசலில் நின்று சீட்டியடிப்பார். தமிழர் தெருவில் வளர்ந்த பர்மியர் அவர். தவிடு படிந்த உடம்பைக் கழுவி, அவசரமாகச் சோறுண்டு, டிராம் பிடித்துக் கல்லூரிக்குப் போய்த் திரும்புவீர்கள். அந்தக் கால்கள் மறுபடி ஓடும்.

விளக்கேற்றியதும் ஆங்கிலப் பாடத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஒப்பிப்பீர்கள். எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

"தலைகீழாப் பிடிச்சிருக்கே."

"நேராப் பிடிச்சா மட்டும் எனக்குப் புரிஞ்சிடுமா?"

அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கேட்டுக் கேட்டே பாடம் முழுவதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பாதியில் உங்கள் தலை சாய்ந்துவிடும்; மீதியை நான் மனத்துக்குள் முடித்துக்கொள்வேன்.

பரீட்சை நெருங்கிய மாசியில்தான் ஆலையிலும் நெல் வந்து குவிந்தது. நீங்கள் இளைத்துப்போனீர்கள்.

"ஏதாவது ஒண்ணை விட்டுடுங்களேன்."

"மில்லை விட்டா சோறு இல்ல. படிப்பை விட்டா காலம் பூரா மில்லுதான்."

"அப்ப பந்தை விடுங்க."

"அங்க மட்டுந்தான் யாரும் என்னைக் கேள்வி கேக்கறதில்ல," என்றீர்கள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"உன் முன்னாலதானே தூங்கறேன்."

அன்று அது எனக்கு வலித்தது.

மறுவாரம் ஒரு மத்தியானம் கோ டின் உங்களைத் தோளில் தாங்கி வந்தார். "தங்கச்சி, வகுப்பிலேயே சாஞ்சுட்டான். காலைலேருந்தே நடுக்கமாம், சொல்லவேயில்ல." டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். என்னிடம் எதுவும் சொல்லாமல் வெளியே போய்க் கோ டின்னிடம் பேசினார்.

அடுத்த நாள் ஜுரத்தில் மூட்டை எண்ணினீர்கள். "இங்க தள்ளு, இங்க தள்ளு" என்று பந்து கேட்டீர்கள். ஒருமுறையாவது என் பெயர் வருமா என்று குனிந்து காத்திருந்தேன். வரவில்லை. பாடந்தான் வந்தது. தடங்கலில்லாமல் வந்து, ஓரிடத்தில் நின்றது. அடுத்த சொல் எனக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்க வாயெடுத்தேன். கண் திறக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"சொல்லாத. இரு, நானே வர்றேன்."

எதிரே இருப்பது நான்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. காத்திருந்தேன். கீழே தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். உங்கள் விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

ஊருக்கு வரச்சொல்லி அண்ணன் எவ்வளவோ எழுதிப் பார்த்தார். நான் போகவில்லை. பபேடான் கடைத்தெருவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டு இதே அறையில் இருக்கிறேன். கோ டின் பரீட்சையில் தேறி வாத்தியாராகிவிட்டார். "தங்கச்சி, அந்தப் பாடத்துக்கு அர்த்தம் சொல்லட்டுமா?" என்று ஒருநாள் கேட்டார். வேண்டாம் என்றேன். அர்த்தம் தெரிந்துவிட்டால் அது ஒரு பாடமாகிவிடும். இப்போது அது உங்கள் குரல்.

தையலை மடித்து வைக்கும் நேரத்தில் சில நாள் அது தொடங்கும். நீங்கள் சாய்ந்து ஒப்பிக்கும் சுவரோரமிருந்து, முதல் வரியிலிருந்து. நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். அந்த இடத்துக்கு வந்ததும் நிற்கும். அடுத்த சொல் என் நாக்கு நுனியில் இருக்கும்.

நான் வாய் திறப்பதில்லை. வருகிறேன் என்றுதானே சொன்னீர்கள்.