சாராளிடம் கேட்ட மூன்று கேள்விகள்

செங்கல்பட்டு, ஜூன் 4, செவ்வாய்

பேத்தி பெனிட்டா காலையிலிருந்து தாளில் வட்டம் வட்டமாகப் போட்டு அம்புக்குறி இழுத்துக்கொண்டிருக்கிறாள். ஆபீஸ் வேலை. இரண்டு போன்கள் ரகசியம் பேசுவதற்கு முன் ஒன்றையொன்று சோதிக்க வேண்டுமாம். ஒவ்வொரு வட்டமும் ஒரு நிலை. "கேள்வி கேக்கும் ஆயா. பதில் சரின்னா அடுத்த வட்டம். மூணு தபா தப்புன்னா இங்க வந்து மூடிக்கும்."

நல்ல ஏற்பாடு. மனுஷருக்கும் வேண்டும்.

ஜூன் 6

புது நம்பரிலிருந்து ஒரு வரி. 'நான் சாராள். எப்டி கீற.'

பத்தொன்பது வருஷம் கழித்து. அம்மா செத்ததை அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் சொல்லியனுப்பின என் அக்கா. சேதி வந்தபோது சாயந்திரம் நாலரை மணி, கையில் பால் பாக்கெட்டோடு நின்றேன் — மறப்பேனா?

சாராள்தானா, அவள் பெயரில் வேறு யாராவதா? பெனிட்டா மாதிரி சோதிக்கப்போகிறேன்.

ஜூன் 7

நாம் வளர்த்த ஆட்டின் பெயர் என்ன? 'நம்மகிட்ட ஏது ஆடு.' தப்பு.

பாலாற்றில் முழுகினது யார்? 'நீதான். நான் இழுத்தேன்.' புளுகு. முழுகினது அவள். இழுத்தது நான். அவள் இடது கை வளையல் உடைந்தது.

ஜூன் 8

மூன்றாவது — அம்மா எங்கே?

'அடுப்பாண்ட கீது. கூப்டட்டா?'

செத்தவளை வைத்து விளையாட்டு. யாரோ களவாணி. நம்பரை பிளாக் செய்துவிட்டேன்.

ஜூன் 19

பெனிட்டா முகம் தொங்கிப்போய் வந்தாள். அவள் போட்ட வட்டப் படத்தை ஆபீஸில் சரியில்லை என்று திருப்பிவிட்டார்களாம். "பார்த்தசாரதி சார் கேக்குறாரு ஆயா, பதில மறந்துட்டவங்களையும் திருடன் மாதிரியே வெளிய தள்றியே, அவங்க திரும்பி வர வழி எங்கன்னு."

மறந்துட்டவங்க. ஆண்டவரே, நான் இன்னா பண்ணிட்டேன்.

ஜூன் 20

சாராள் வீட்டுக்குக் கல்பாக்கம் பஸ். கதவைத் திறந்தது அவள் மகன் ஏசுபாதம். "அம்மாவுக்கு ரெண்டு வருஷமா இப்டித்தான் மறதி, சின்னம்மா. உங்க நம்பர கேட்டு வாங்கிச்சு. ஒவ்வொரு எழுத்தா தேடி அடிச்சுது. அப்பால தெனம் போனையே பாத்துகினு இருந்துச்சு."

சாராள் என்னைப் பார்த்தாள். "யாரோ வந்துகீறாங்க பாரு. சேர் எடுத்துப் போடுடா."

நான் ரெபேக்காள் என்றேன். ஆடு, ஆறு, வளையல், எல்லாம் சொன்னேன், ஒன்றும் பிசகாமல். மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா செத்ததை ஏன் மறைத்தாய் என்று கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். இனி யாரைக் கேட்பேன்?

ஜூலை 3

இன்றும் போனேன். பெயர் கேட்டாள். சொன்னேன்.

"எனக்கு ஒரு தங்கச்சி கீறா" என்றாள். "பதிலே போட மாட்டேன்றா. கோவக்காரி."

ஆமாம் என்றேன்.